உடைக்காத கடித உறை: வைத்தியசாலைப் பொறுப்பு வீட்டுக்குக் கைமாறும் வேளை

இந்தப் பகுதியில் வழக்கமாக நீரிழிவு, குருதியமுக்கம், கொழுப்பு என்று நோய்களைப் பற்றியே எழுதுகிறோம். இம்முறை ஒரு நோயாளி ஒருவரின் பொறுப்பிலிருந்து இன்னொருவரின் பொறுப்புக்கு மாறும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றி எழுத விரும்புகிறோம். நோய்க்கு மருந்து சரியாக இருந்தும் ஆள் ஆபத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எமது சிகிச்சை நிலையத்துக்குப் பல ஆண்டுகளாக வரும் ஓர் ஐயா. வயது எழுபதை நெருங்குகிறது. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம்.) இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத காரணத்தால், குருதி கட்டியாகாமல் இருக்க 'மார்க்குமார்' குளிசை எடுத்து வந்தார். விரலில் குத்தி அளவு பார்த்து, எத்தனை குளிசை என்று நாம் எழுதிக் கொடுப்போம். ஒருநாள் மூச்சுத் திணறி வைத்தியசாலைக்குப் போனார். அங்கே மார்க்குமாரை நிறுத்தி, அளவு பார்க்கத் தேவையில்லாத 'எலிக்விஸ்' என்ற குளிசையைத் தொடங்கினார்கள். சரியான முடிவு. நாமும் அதைத்தான் செய்திருப்போம். எட்டு நாட்களின் பின் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கையில் ஒரு கடித உறையையும் மருந்துச் சீட்டையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் பழைய மார்க்குமார் பெட்டி இருந்தது. புதிய குளிசையும் வந்து சேர்ந்தது. ஐயா இரண்டையும் ஒழுங்காக எடுத்தார். அடுத்த கிழமை முழுவதும் எமது நிலையம் விடுமுறைக்காகப் பூட்டியிருந்தது. ஒன்பதாம் நாள், ஞாயிறு அதிகாலை, முரசிலிருந்து இரத்தம் நிற்கவில்லை. மலம் தார் போலக் கறுப்பாகப் போயிற்று. மகள் 112 ஐ அழைத்தார். குருதி ஏற்றி, மூன்று நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

பிறகு மகள் அந்த உறையை எம்மிடம் கொண்டு வந்தார். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"டொக்டர், உறையில உங்கட பேர் போட்டிருந்தது. இன்னொராளின்ர கடிதத்தை நாங்கள் உடைக்கிறதோ எண்டு அம்மா விடேல்லை" என்றார்.

உடைத்துப் படித்தோம். இரண்டு பக்கங்கள், பிழையே இல்லாத யேர்மன் மொழி. முதற்பக்கத்தில் அனுமதிக்கப்பட்டபோது எடுத்த மருந்துகளின் பட்டியல், அதில் மார்க்குமார் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் வீடு திரும்பும்போது எடுக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல், அதில் மார்க்குமார் இல்லை. ஒரு வைத்தியர் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கிக்கொள்வார். 'மார்க்குமார் நிறுத்தப்பட்டது' என்ற சொற்கள் மட்டும் எங்கேயும் இல்லை.

யாரைக் குற்றம் சொல்வது? வாட்டு வைத்தியர் கடிதம் எழுதினார். தாதி அதைக் கையில் கொடுத்தார். மருந்தகம் சீட்டில் இருந்த மருந்தைக் கொடுத்தது. மார்க்குமார் வேறொரு மருந்தகத்தில் வாங்கியது, ஆகவே இவர்களுக்கு அது தெரியாது. எமது பங்கையும் மறைக்க விரும்பவில்லை. விடுமுறையில் எமக்குப் பதிலாகப் பார்க்கும் வைத்தியரின் பெயரைக் கதவில் ஒட்டியிருந்தோம், யேர்மன் மொழியில், சின்ன எழுத்தில். தொலைபேசியில் பதிவு செய்திருந்த குரல் அதை இன்னும் வேகமாகச் சொன்னது. அவரவர் வேலையை அவரவர் செய்து முடித்திருந்தோம். ஒருவர் விட்ட இடத்துக்கும் மற்றவர் தொட்ட இடத்துக்கும் நடுவே ஐயா விழுந்துவிட்டார்.

கையளிப்பு என்றால் என்ன?

உங்களில் பலர் முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறீர்கள். காலை வேலையாட்கள் போக, மதிய வேலையாட்கள் வரும்போது நடக்கும் 'ஊபர்காப' உங்களுக்குப் புதிதில்லை. தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவர்களுக்கும் தெரியும். அதைத்தான் இங்கே கையளிப்பு என்கிறோம்.

யேர்மனிக்கு வந்த புதிதில் நாமும் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியிருக்கிறோம். மருத்துவக் கல்லூரியில் சொல்லித் தராத ஒரு விடயத்தை அந்தக் குசினியில் படித்தோம். பரிமாறுகிறவர் வந்து, "இரண்டு ஷ்னிட்சல், ஒன்றுக்கு உப்பு வேண்டாம்" என்பார். சமையற்காரர் அடுப்பைப் பார்த்தபடியே, "இரண்டு ஷ்னிட்சல், ஒன்றுக்கு உப்பில்லை" என்று திருப்பிச் சொல்வார். அவர் திருப்பிச் சொல்லும்வரை பரிமாறுகிறவர் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். சீட்டை ஆணியில் குத்திவிட்டுப் போகிற புது ஆட்களிடம்தான் சாப்பாடு பிழைக்கும்.

செய்தி கைமாறுவது வேறு, பொறுப்பு கைமாறுவது வேறு. கடிதம் கொடுத்தால் செய்தி போய்விட்டது என்று நினைக்கிறோம். வாங்குகிறவர் 'எனக்கு விளங்கிவிட்டது, இனி நான் பார்க்கிறேன்' என்று தன் வாயால் சொல்லும்வரை பொறுப்பு கொடுத்தவரிடம்தான் இருக்கிறது. நடைமுறையில் அந்த நேரம் அது ஒருவரிடமும் இருப்பதில்லை.

இது உலகம் முழுவதும் உள்ள பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் 2007 இல் நோயாளர் பாதுகாப்புக்கென ஒன்பது வழிமுறைகளை வெளியிட்டபோது, கையளிப்பின்போது நடக்கும் உரையாடலை அவற்றில் ஒன்றாகச் சேர்த்தது. லண்டனில் உள்ள கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையின் கதை சுவையானது. இதய சத்திரசிகிச்சை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும்போது குழப்பம் நடப்பதை அங்குள்ள வைத்தியர்கள் கவனித்தார்கள். தொலைக்காட்சியில் 'போர்முலா 1' காரோட்டம் பார்க்கையில், சில நொடிகளுக்குள் சில்லு மாற்றும் குழுவில் ஒருவரோடொருவர் முட்டாமல் வேலை நடப்பதைக் கண்டு, ஃபெராரி குழுவினரிடம் போய்க் கேட்டுப் படித்தார்கள். யார் எங்கே நிற்பது, யார் முதலில் பேசுவது, யார் தலைமை தாங்குவது என்று வகுத்துக்கொண்டார்கள். 2007 இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, ஒரு கையளிப்பில் சொல்லாமல் விடுபட்ட தகவல்கள் சராசரியாக 2.09 இலிருந்து 1.07 ஆகக் குறைந்தன. வட அமெரிக்காவில் 9 வைத்தியசாலைகளின் சிறுவர் பிரிவுகளில் செய்து 2014 இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், வைத்தியர்கள் ஒழுங்குமுறையாகக் கையளிக்கப் பழகிய பின் மருத்துவத் தவறுகள் 23 வீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 வீதமும் குறைந்தன. அவர்கள் பழக்கிய முறையின் கடைசிப் படி என்ன தெரியுமா? வாங்குகிறவர் தான் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்வது. குசினிச் சமையற்காரர் செய்ததுதான்.

யேர்மனியில் சட்டம் என்ன சொல்கிறது?

எம்மவர் பலர் "இது யேர்மனி, எல்லாம் தானாகப் போய்ச் சேரும்" என்று நம்பியிருக்கிறார்கள். சட்டத்தில் நிறைய நல்லது இருக்கிறது என்பது உண்மை. 2017 ஒக்டோபர் 1 முதல் வைத்தியசாலைகள் 'என்ட்லாஸ்மனேஜ்மென்ட்' என்னும் விடுவிப்பு ஒழுங்கைக் கட்டாயம் செய்ய வேண்டும். வீட்டில் யார் பார்ப்பார்கள், தாதி தேவையா, உபகரணம் தேவையா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். வெளியே விடும் நாளில் 'என்ட்லாஸ்ப்ரீஃப்', அதாவது விடுவிப்புக் கடிதம், நோயாளியின் கையில் கிடைக்க வேண்டும். முடிவான கடிதம் தயாராகவில்லை என்றால் தற்காலிகக் கடிதமாவது தர வேண்டும். சந்தேகம் கேட்கத் தொலைபேசி இலக்கமும் அதில் இருக்க வேண்டும். குடும்ப வைத்தியருக்கு அதை அனுப்புவதற்கு நோயாளி எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். அனுமதிக்கப்படும்போது தருகிற தாள் கட்டில் இந்தச் சம்மதத் தாளும் இருக்கும். விளங்காத தாளில் கையெழுத்து வைக்கக் கூடாது என்று கவனமாக இருக்கும் எம்மவர் இதையும் வெறுமையாக விட்டுவிடுவதுண்டு. பிறகு எமக்குக் கடிதம் வரவில்லையே என்று கோபிப்பார்கள்.

இடைக்காலத்துக்கு வைத்தியசாலை வைத்தியரே மருந்துச் சீட்டு எழுதலாம், ஆனால் மிகச் சிறிய பெட்டிக்கு மட்டும். அந்தச் சீட்டை மூன்று வேலைநாட்களுக்குள் மருந்தகத்தில் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போக முடியாது என்ற சான்றும், வீட்டுத் தாதிக்கான உத்தரவும் ஏழு நாட்கள் வரை தரலாம். அந்த ஏழு நாட்கள் கையளிப்புக்காகத் தந்த அவகாசம். அதற்குள் குடும்ப வைத்தியரிடம் வந்து சேர வேண்டும். வீட்டில் பார்க்க எவ்வித ஒழுங்கும் செய்ய முடியாத நிலையில், வைத்தியசாலையிலேயே பத்து நாட்கள் வரை இடைக்காலப் பராமரிப்புப் பெறவும் 2021 முதல் சட்டத்தில் இடமுண்டு. வைத்தியசாலையின் 'சோட்சியால்டீன்ஸ்ட்' என்னும் சமூகசேவைப் பிரிவிடம் இதைக் கேளுங்கள். தாமாக வந்து சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

அந்த உறை விடயத்துக்கு வருவோம். அதை உடைக்கலாம். அது உங்களைப் பற்றிய கடிதம். 2013 முதல் நடைமுறையில் உள்ள நோயாளர் உரிமைச் சட்டத்தின்படி உங்கள் மருத்துவக் கோவையைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. முதற் பிரதியை இலவசமாகத் தர வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. உறையின் மேல் எமது பெயர் இருப்பது, எம்மிடம் காட்டுங்கள் என்பதற்காக. வைத்தியசாலைத் தாழ்வாரத்திலேயே உடைத்து, விளங்காததை அங்கேயே கேட்டுவிட்டு, பிறகு எம்மிடம் கொண்டு வாருங்கள். நாம் கோபிக்க மாட்டோம்.

கணினி பார்த்துக்கொள்ளாதா?

ஓரளவுக்குப் பார்த்துக்கொள்ளும். அரசு மருத்துவக் காப்பீட்டில் உள்ளவர்களுக்கு, வேண்டாம் என்று சொல்லாத பட்சத்தில், 2025 இல் மின்னணு நோயாளர் கோவை திறக்கப்பட்டது. 2025 ஒக்டோபர் 1 முதல் வைத்தியர்களும் வைத்தியசாலைகளும் அதைப் பயன்படுத்தக் கடமைப்பட்டவர்கள். காப்பீட்டு அட்டையைச் செருகினால் சிகிச்சை நிலையத்துக்கு 90 நாட்களும் மருந்தகத்துக்கு 3 நாட்களும் அதைப் பார்க்க முடியும். மின்னணு மருந்துச் சீட்டில் எழுதிய மருந்துகள் அதன் பட்டியலில் தானாக விழுகின்றன. நல்ல முன்னேற்றம்தான்.

ஆனால் அந்தப் பட்டியலுக்கு எழுதியதும் வாங்கியதும்தான் தெரியும். எடுக்க வேண்டாம் என்று வைத்தியர் வாயால் சொன்னது தெரியாது. கொழும்பிலிருந்து மச்சான் கொண்டு வந்த குளிசை தெரியாது. சீட்டில்லாமல் வாங்கிய நோ மருந்து தெரியாது. மார்க்குமார் எடுக்கிறவர் முழங்கால் நோவுக்கு 'இபுப்ரோஃபென்' போட்டால் இரத்தப்போக்கு ஆபத்து கூடும் என்பதை அந்தப் பட்டியல் எச்சரிக்க முடியாது, ஏனெனில் இபுப்ரோஃபென் அங்கே இல்லவே இல்லை.

எனவே காகிதப் பட்டியலை இன்னும் விடவேண்டாம். ஒழுங்காக மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை 28 நாட்களுக்காவது எடுக்கிறவருக்கு, 2016 ஒக்டோபர் முதல் 'மெடிகாட்சியோன்ஸ்ப்ளான்' என்ற மருந்துத் திட்டத் தாளைக் கேட்டுப் பெற உரிமை உண்டு. அதில் மருந்தின் மூலப்பெயர், விற்பனைப் பெயர், காலை, மதியம், மாலை, இரவு என எத்தனை, எதற்காக என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். மூலப்பெயர் முக்கியம். காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்கேற்ப மருந்தகம் வேறு பெயரில், வேறு நிறப் பெட்டியில் அதே மருந்தைத் தரும். பெட்டி வேறு என்பதால் மருந்தும் வேறு என்று நினைத்து, ஒரே குருதியமுக்கக் குளிசையை இரண்டு பெயரில் எடுத்து மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

ஊரில் இந்த விடயத்தில் எமது அம்மாமார் கெட்டிக்காரிகள். யாழ்ப்பாணத்தில் கிளினிக் கொப்பி நோயாளியின் கையில்தான் இருக்கும். எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் கொப்பியை நீட்டுவார்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு மழைக்குள் நடந்தபோது, காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் கிளினிக் கொப்பியையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறோம். அடுத்த ஊரில் இருந்த வைத்தியருக்கு அது போதுமாக இருந்தது. இங்கேயும் கர்ப்பிணிகளின் 'முட்டர்பாஸ்' புத்தகத்தையும், பிள்ளைகளின் மஞ்சள் பரிசோதனைக் கொப்பியையும் எம்மவர் கண்ணும் கருத்துமாக வைத்திருக்கிறார்கள். தாத்தாவுக்குத்தான் கொப்பி இல்லை.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

வெளியே விடும் நாளில், வாட்டு வைத்தியரிடம் அல்லது தாதியிடம் இவற்றைக் கேளுங்கள். யேர்மன் மொழியிலும் எழுதுகிறோம், அப்படியே வாசித்தால் அவர்களுக்கு விளங்கும்.

என்ன புதிது? (வாஸ் இஸ்ட் நொய்?)

என்ன நிறுத்தப்பட்டது? (வாஸ் வுர்ட அப்கெஸெட்ஸ்ட்?) பழைய மருந்துத் திட்டத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தியதைப் பேனாவால் வெட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு கோடு ஐயாவைக் காப்பாற்றியிருக்கும்.

எந்த முடிவு இன்னும் வரவில்லை? (வெல்ஷ எர்கெப்னிஸ ஷ்டேன் நொஹ் அவுஸ்?) குடலில் எடுத்த சதைத் துண்டின் பரிசோதனை முடிவு, நோயாளி வீட்டுக்குப் போன பிறகுதான் பெரும்பாலும் வரும். ஓர் அம்மாவின் முடிவு ஆறு கிழமைகள் ஒரு தட்டில் கிடந்தது. வைத்தியசாலை நாம் கேட்போம் என்று நினைத்தது, நாம் அவர்கள் அனுப்புவார்கள் என்று நினைத்தோம். அம்மா, ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒன்றும் இல்லைத்தானே என்று இருந்துவிட்டார். நல்ல காலம், புற்றுநோய் இல்லை.

இன்று முதல் யார் பொறுப்பு? (வேர் இஸ்ட் அப் ஹொய்ட்ட ட்சுஷ்டென்டிக்?) 'ட்சுஷ்டென்டிக்' என்ற சொல்லை எம்மவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லா அலுவலகங்களிலும் "நான் அதற்குப் பொறுப்பில்லை" என்று கேட்டுக் கேட்டே யேர்மன் மொழி படித்தவர்கள் நாம்.

பதில் வந்ததும் விளங்கியதைத் திருப்பிச் சொல்லுங்கள். மொழி தடுமாறினாலும் பரவாயில்லை. "இது காலையில் ஒன்று, இது இனி இல்லை, செவ்வாய்க்கிழமை குடும்ப வைத்தியர்" என்றால் போதும். பிழையாக விளங்கியிருந்தால் அப்போதே திருத்துவார்கள்.

இதற்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு வயதுப் பேத்திக்கு யேர்மன் மொழி எம்மைவிட நன்றாக வரும். ஆனால் 'நிறுத்தப்பட்டது' என்பதைத் தாத்தாவுக்குத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்படுவாள். பிறகு ஏதும் நடந்தால் அந்தப் பாரத்தை அவள் வாழ்நாள் முழுவதும் சுமப்பாள். மொழிபெயர்ப்பாளருக்கான செலவை மருத்துவக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே வளர்ந்த ஒருவர் வரட்டும், நேரில் முடியாவிட்டால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டாவது பேசட்டும். வளர்ந்த பிள்ளை என்றாலும் வைத்தியர் அவருடன் பேசுவதற்கு நோயாளியின் சம்மதம் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பெற்றோருக்கு நினைவு தவறினால் பிள்ளைகளுக்குத் தானாக முடிவெடுக்கும் உரிமை வராது. கணவன் மனைவிக்கு 2023 முதல் ஆறு மாதங்கள் வரை அவசர உரிமை உண்டு. மற்றவர்களுக்கு 'ஃபோர்சோர்கஃபோல்மக்ட்' பத்திரம் தேவை. இதை அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறோம்.

எமது நிலையத்திலும் சிலவற்றை மாற்றினோம். வைத்தியசாலைக் கடிதம் வந்த அன்றே பழைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். விடுமுறையில் பதிலாகப் பார்க்கும் வைத்தியரின் பெயரும் இலக்கமும் கதவில் தமிழிலும் பெரிதாக இருக்கிறது. வைத்தியசாலையிலிருந்து வந்தவர் என்று சொன்னால், சந்திப்பு நேரம் இல்லை என்று முன்மேசையில் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

ஐயா இப்போது வரும்போது ஒரு பையோடு வருவார். வீட்டிலுள்ள அத்தனை மருந்துப் பெட்டிகளும், மகள் தமிழில் எழுதி வைத்த ஒரு பாடசாலைக் கொப்பியும் அதில் இருக்கும். பெட்டிகளை மேசையில் அடுக்குவார். நாம் சொன்னதை அவர் திருப்பிச் சொல்ல, மகள் எழுதுவார். கடந்த மாதம் நாம் சொன்ன அளவு ஒன்று பிழை என்று அவரே பிடித்தார். "டொக்டர், போனமுறை அரைக் குளிசை எண்டெல்லோ சொன்னனீங்கள்" என்றார். கோவையைத் திறந்து பார்த்தோம். அரைதான்.

வெள்ளிக்கிழமை மாலையில் மருந்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். முதலில் விடுவிப்புக் கடிதத்தில் உள்ள இலக்கம், கிடைக்காவிட்டால் 116117. நிற்காத இரத்தப்போக்கு, கறுப்பு மலம், நெஞ்சு நோ, பேச்சுக் குழறல் என்றால் உடனே 112.